காயமும் மலையும்: சில குறிப்புகள்

பண்பொழித் திருமலைக்கு இப்போது வண்டி போகும் பாதை இருக்கிறது. படி ஏறுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். விசேஷ தினங்களை விட்டால் அதிகாலையில் படிகளில் நாலைந்து பேரைப் பார்ப்பதே அதிகம். அந்த நாலைந்து பேரில் ஒருவனாக நான் சேர்ந்தது பக்தியினால் என்று சொல்லிக்கொள்ள முடியாது. என் வலது காலில், முழங்காலுக்குக் கீழே, ஓர் எஃகுக் கம்பி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு படி ஏறவேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவர் சொன்னதனாலேயே ஏறினேனோ என்னவோ.

இதை எழுத நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்ற மாதம் நண்பர் ஒருவர், அங்கஹீனமுற்ற பின் மலை ஏறியவர்களின் சுயசரிதைகளில் ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டு எழுதியிருந்தார். உதாரணமாக அவர் குறிப்பிட்டது அருணிமா சின்ஹாவை. 2011-ல் ஓடும் ரயிலிலிருந்து தள்ளப்பட்டு ஒரு காலை இழந்து, 2013 மே 21 அன்று செயற்கைக் காலுடன் எவரெஸ்ட் உச்சியில் நின்றவர். அந்தச் சாதனையைப் பற்றி எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. அதைச் சொல்கிற விதத்தில்தான். காயம் என்பது ஓர் எதிரி, மலை ஒரு போர்க்களம், உச்சி என்பது வெற்றி. மேடைப் பேச்சாளர்கள் கையில் இந்த மூன்றும் சேர்ந்து இனிப்புப் பண்டமாகிவிட்டன. நண்பருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். கடிதத்தில் அடங்கவில்லை.

நாலு வருஷத்துக்கு முன், ஓர் ஐப்பசி இரவு, நானும் ஒரு நண்பரும் தென்காசியிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை. எதிரே வந்த வண்டி எது என்பது இன்றுவரை தெரியாது. அவர் ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் பிழைக்கவில்லை. அதன் பிறகு வீட்டில் எல்லோரும் என் காலைப் பற்றியே பேசினார்கள். எலும்பு கூடுகிறதா, கம்பி எப்போது எடுப்பார்கள், ஊன்றுகோல் வேண்டுமா. காலைப் பற்றிப் பேசுவது அவர்களுக்கும் எனக்கும் வசதியாக இருந்தது. மற்றதற்கு எங்களிடம் வார்த்தை இல்லை. ஓட்டின்மேல் மழை விழும் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன் என்பது அக்காவுக்கு மட்டும் தெரியும். (காயம் என்று உடம்புக்கும் சொல்கிறோம், உடம்பில் படும் புண்ணுக்கும் சொல்கிறோம். நம் மொழியில் இப்படி ஒரு சௌகரியம். மனசில் படுவதற்குத் தனியாக ஒரு சொல் இல்லாமல் அதையே கடன் வாங்குகிறோம்.)

அக்கா சொன்ன வைத்தியம் குற்றாலம். 'பேரருவில தலையக் கொடு. எல்லாம் எறங்கீரும்.' புத்தி கலங்கியவர்களை அருவிக்கு அழைத்து வருகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் பழையது. அதில் விஷயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பேரருவியின் அடியில் நிற்கிற ஐந்து நிமிஷமும் எண்ணம் என்று ஒன்று இருக்கவே முடியாது. தலையில் விழும் நீரின் பாரமும் இரைச்சலும் உள்ளே இருக்கும் எல்லாப் பேச்சையும் அடக்கிவிடுகின்றன. ஆனால் வெளியே வந்து தலை துவட்டும்போது எல்லாம் அப்படியே திரும்பி வந்தது. தவிர, அருவியை நான் நம்பவில்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு பையனை அடித்துக்கொண்டு போனது. குணப்படுத்துகிற நீர், கொல்கிற நீர் என்று இரண்டு இல்லை.

மலை வேறு மாதிரி. அது மெதுவானது. ஒவ்வொரு படியிலும் திரும்பிவிடலாம் என்கிற சாத்தியம் இருந்துகொண்டே இருக்கிறது. அன்று இரவு ரோட்டில் எனக்கு இல்லாமல் போனது இந்தச் சாத்தியம்தான். கேட்காமல் வந்து விழுந்த ஆபத்தில் அடிபட்டவனுக்கு, தானே தேர்ந்துகொள்கிற, தானே அளவிடுகிற ஒரு சிறு ஆபத்து தேவைப்படுகிறது. என் அனுபவத்திலிருந்து நான் பெற்ற சூத்திரம் இது. கொஞ்ச காலம் இதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. சரித்திரத்தில் இதற்குச் சாட்சி தேடப் போய்த்தான் ஹோவர்ட் சோமர்வெல் கிடைத்தார். சூத்திரம் ஆட்டம் கண்டதும் அவரால்தான்.

தமிழ் வாசகர்களுக்குச் சோமர்வெல் அந்நியர் அல்லர். நெய்யூர்ப் பக்கத்துப் பெரியவர்களிடம் பெயரைச் சொன்னால் போதும். லண்டன் மிஷன் ஆஸ்பத்திரியின் டாக்டராக அவர் அங்கே இருந்த காலத்தில் நெய்யூரும், எங்களுக்குப் பக்கத்துச் செங்கோட்டையும் ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானம். இரண்டும் 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை ராஜ்யத்துக்கு வந்தன. காரக்கோணத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் நெய்யூருக்கு வருமுன் அவர் என்னவாக இருந்தார் என்பது இங்கே அதிகம் பேசப்படுவதில்லை.

1890-ல் வட இங்கிலாந்தின் கெண்டல் நகரில், காலணி தயாரிக்கும் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். யுத்தத்துக்கு முன்பே மலையேறி. ஆகவே யுத்தம்தான் அவரை மலைக்குத் துரத்தியது என்று சொன்னால் அது பொய். அறுவை மருத்துவராகத் தேறிய கையோடு பிரான்ஸ் போர்முனைக்குப் போனார். 1916 ஜூலை, சோம் நதிச் சமர். காயம்பட்டவர்களைத் தரம் பிரித்து அனுப்பும் முகாம் ஒன்றில் இருந்தார். சில நூறு பேருக்கு என்று போடப்பட்ட இடத்துக்கு ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். கூடாரங்கள் நிரம்பி, வெளியே வயல் முழுக்கத் தூக்குக் கட்டில்கள். மருத்துவர்கள் அவற்றினூடே நடந்து, யாரை மேஜைக்குத் தூக்குவது, யாரை விட்டுவிடுவது என்று முடிவு செய்ய வேண்டும். பிழைக்கக்கூடியவனை எடுத்துக்கொண்டு மற்றவனைக் கடந்துபோகவேண்டும். கடந்துபோகப்பட்டவன் அதைப் புரிந்துகொள்வான். யுத்தத்தின் மேல் சோமர்வெல்லுக்குத் தீராத வெறுப்பு உண்டானது இந்த வயலில்.

இந்த யுத்தத்துக்கும் எவரெஸ்டுக்கும் உள்ள சம்பந்தத்தை விரிவாக எழுதியவர் வேட் டேவிஸ். 2011-ல் வந்த அவருடைய பெரிய புத்தகத்தின் கணக்குப்படி, 1921 முதல் 1924 வரை நடந்த மூன்று எவரெஸ்ட் பயணங்களிலும் சேர்ந்த இருபத்தாறு மலையேறிகளில் இருபது பேர் போர்முனையைக் கண்டவர்கள். மல்லொரி பீரங்கிப் படையில் இருந்தார். நார்ட்டனும் பீரங்கிக்காரர். சாவு அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது, அதனால் மலையில் அதை லேசாக எடுத்துக்கொண்டார்கள் என்பது டேவிஸின் பார்வை. இது முழுக்கச் சரி என்று எனக்குத் தோன்றவில்லை. பழகிப்போனவர்கள் என்றால் 1922 ஜூன் 7 அன்று நடந்தது சோமர்வெல்லை அப்படி உலுக்கியிருக்கக்கூடாது.

அந்த வருஷம் மே 21 அன்று அவரும் மல்லொரியும் நார்ட்டனும் பிராணவாயு இல்லாமல் எண்ணாயிரம் மீட்டருக்கு மேலே போய்த் திரும்பியிருந்தார்கள். அதுவரை மனிதன் எவனும் தொடாத உயரம். அதோடு நிறுத்தியிருக்கலாம். பருவமழை தொடங்கிப் புதுப்பனி விழுந்த பிறகும் மூன்றாம் முறை முயன்றார்கள். வடக்குக் கணவாய்க்குக் கீழே உள்ள சரிவில் மல்லொரி, சோமர்வெல், க்ராஃபோர்ட் என்று மூன்று வெள்ளைக்காரர்கள் முன்னால். பதினாலு சுமைகாரர்கள் பின்னால், கயிறுகளில் பிணைந்து. சரிவு பாதுகாப்பானது என்று பார்த்துத் தீர்மானித்தவர்களில் சோமர்வெல்லும் ஒருவர். பனி உடைந்தது. முன்னால் போனவர்கள் மேலாகவே புரண்டு எழுந்துவிட்டார்கள். பின்னால் வந்தவர்களில் ஒன்பது பேர் பனிச்சுவரின் விளிம்பைத் தாண்டிக் கீழே போனார்கள். இருவரை உயிரோடு தோண்டி எடுக்க முடிந்தது. மற்ற ஏழு பேர்: லக்பா, நர்பு, பசாங், பெமா, சங்கே, டோர்ஜே, தெம்பா.

தங்களில் ஒருவராவது அவர்களோடு போயிருக்கக்கூடாதா, அப்போதாவது உயிரோடிருக்கும் சுமைகாரர்கள், இழப்பையும் இவர்கள் எங்களோடு பகிர்ந்துகொண்டார்கள் என்று எண்ணியிருப்பார்களே என்று சோமர்வெல் நினைத்தார். இதை அவரே பின்னால் எழுதி வைத்திருக்கிறார். சோம் வயலில் யார் சாகலாம் என்று தேர்ந்தெடுக்கும்படி அவர் நிர்ப்பந்திக்கப்பட்டார். அந்த நிர்ப்பந்தம் எதுவும் இல்லாத, சுயேச்சையாக, ஆசைப்பட்டு வந்த ஓர் இடத்தில் அவரது தேர்வின் விலையை வேறு ஏழு பேர் கொடுத்தார்கள். தானே தேர்ந்த ஆபத்து என்ற என் சூத்திரத்தில், 'தான்' என்பது யார் என்ற கேள்வியை நான் கேட்டிருக்கவில்லை.

பயணம் முடிந்ததும் அவர் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். சுற்றி வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று நெய்யூர். பெரிய ஜனத்தொகைக்கு, சோர்ந்துபோன மிகச் சில மருத்துவர்கள். காத்துக்கிடக்கும் நோயாளிகளின் வரிசை. அதைப் பார்த்துவிட்டு லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டார். 1923-ல் நெய்யூர் டாக்டர் ஆனார். திருவிதாங்கூரில் பரவலாக இருந்த குடற்புண்ணுக்கான அறுவையில் அவர் கை பேர் பெற்றது. இதை மதமாற்றத்துக்கு வந்த மிஷனரியின் கதை என்று சுருக்கிவிடுகிறவர்கள் உண்டு. அவர் மிஷனரிதான், அதை மறைத்ததும் இல்லை. ஆனால் அந்த வரிசையை அவர் பார்த்த கண், ஆறு வருஷத்துக்கு முன் தூக்குக் கட்டில்களைப் பார்த்த கண். சில மாதம் முன்பு ஏழு பேரைத் தோண்டிக்கொண்டிருந்த கை அது. இவற்றைப் பிரித்துவிட்டு நெய்யூரைப் பேச என்னால் முடியவில்லை.

1924-ல் நெய்யூரிலிருந்தே மறுபடி எவரெஸ்ட் போனார். இந்த இரண்டாம் பயணத்தில் உலகம் நினைவு வைத்திருப்பது மல்லொரியும் இர்வினும் காணாமல் போனதை. போகும்போது மல்லொரி கையில் இருந்தது சோமர்வெல் கொடுத்த கேமரா என்பதையும் சிலர் நினைவு வைத்திருக்கிறார்கள், அதை இன்னும் தேடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு இரண்டு வாரம் முந்தைய ஒரு சம்பவம். வடக்குக் கணவாய் முகாமில் நாலு சுமைகாரர்கள் பனியில் சிக்கிக்கொண்டார்கள். இறங்கப் பயந்து நின்றுவிட்டார்கள். உச்சியை முயல வேண்டிய மூவர், நார்ட்டனும் மல்லொரியும் சோமர்வெல்லும், இருமிக்கொண்டும் மூச்சிரைத்துக்கொண்டும் அவர்களை மீட்க ஏறினார்கள். உச்சிக்கான பலம் அதில் செலவாகிவிடும் என்று தெரிந்தேதான். கடைசியில், எந்நேரமும் உடையக்கூடிய ஒரு சரிவைக் குறுக்கே கடந்து போனவர் சோமர்வெல். கயிறு எட்டவில்லை. ஒவ்வொருவராகத் தம் பக்கம் வரச் செய்து நாலு பேரையும் கீழே கொண்டுவந்தார்கள். உச்சி என்று எதையாவது சொல்லவேண்டுமானால் அவருடைய வாழ்வில் அதைத்தான் சொல்வேன். அங்கே கொடி நடுவதற்கு எதுவும் இல்லை.

ஜூன் 4 அன்று நார்ட்டனோடு மேலே போனார். தொண்டை உறைந்து புண்ணாகியிருந்தது. ஒரு கட்டத்தில் நின்றுவிட்டார். நார்ட்டன் தனியே 8,572 மீட்டர் வரை போய்த் திரும்பினார். இறங்கும்போது சோமர்வெல்லின் தொண்டைக்குள் ஏதோ பெயர்ந்து அடைத்துக்கொண்டது. மூச்சு நின்றது. முன்னால் போன நார்ட்டன் திரும்பிப் பார்க்கவில்லை. பனியில் உட்கார்ந்து சாகக் காத்திருந்தவர், கடைசி முயற்சியாக இரண்டு கையாலும் மார்பை அழுத்தினார். அடைப்பு இரத்தத்தோடு வெளியே வந்து விழுந்தது. குளிரில் உறைந்து உரிந்துபோன அவருடைய தொண்டையின் உட்தோல்தான் அது. மூச்சு வந்தது. எழுந்து நார்ட்டனைப் பிடிக்க நடந்தார். பிறகு நெய்யூருக்குத் திரும்பி இருபது வருஷம் போல அங்கே அறுவை செய்தார், வேலூரிலும் பணியாற்றினார், ஊருக்குப் போய் 1975 ஜனவரியில் இறந்தார்.

மலையை மருந்தாக்கிய பிற பேர்வழிகளும் உண்டு. ஜெஃப்ரி வின்த்ராப் யங் 1917-ல் இத்தாலியப் போர்முனையில் ஆம்புலன்ஸ் படையில் இருந்தபோது ஒரு காலை இழந்தார். தானே வடிவமைத்த செயற்கைக் காலுடன் ஆல்ப்ஸுக்குத் திரும்பி 1928-ல் மாட்டர்ஹார்ன் ஏறினார். கவிஞர்களுக்கு நெருக்கமான உதாரணம் வேறொன்று. அதே 1917-ல் வில்ஃப்ரெட் ஓவன், பீரங்கி அதிர்ச்சியில் மனம் கலங்கி, எடின்பரோவுக்கு அருகே க்ரெய்க்லாக்ஹார்ட் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருடைய மருத்துவர் ஆர்தர் பிராக்குக்கு ஒரு கொள்கை. மனிதனைச் சுற்றுப்புறத்திலிருந்து துண்டித்ததுதான் வியாதி. நடை, குன்றுகள், தோட்ட வேலை, கற்பித்தல் என்று அவனைத் திரும்பவும் மண்ணோடும் மனிதரோடும் பிணைத்தால் குணம். அங்கேயே இன்னொரு மருத்துவர் ரிவர்ஸ். நீலகிரியில் தங்கித் தோடர்களைப் பற்றி 1906-ல் புத்தகம் போட்ட அதே ரிவர்ஸ். அவர், பயங்கரத்தை அமுக்காதே, பேசு என்றார். இருவரும் கருணையுள்ளவர்கள். வைத்தியம் பலித்தது. பலித்ததால் ஓவனைப் போர்முனைக்குத் திருப்பி அனுப்ப முடிந்தது. யுத்தம் முடிய ஒரு வாரம் இருக்கையில், 1918 நவம்பர் 4 அன்று, கால்வாய் ஒன்றைக் கடக்கும்போது சுடப்பட்டு இறந்தார். நல்ல காற்றும் குன்றும் யாருக்காகக் குணப்படுத்தின என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

நம் நாட்டில் மேஜர் அலுவாலியா. 1965 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்றார். அதே வருஷத்துப் போரில் காஷ்மீரில் குண்டு பட்டு முதுகுத்தண்டு போயிற்று. அங்கிருந்து நாற்காலி. இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த குட்மன் என்ற யூத மருத்துவர் 1948-ல் பதினாறு நோயாளிகளை வைத்து வில்வித்தைப் போட்டி தொடங்கிய இடம். அதிலிருந்து வளர்ந்ததுதான் பாராலிம்பிக்ஸ். திரும்பி வந்து எழுதினார், டெல்லியில் முதுகுத்தண்டுக் காயங்களுக்கென்று ஒரு மருத்துவமனையை உண்டாக்கினார், 2022-ல் மறைந்தார். மலைக்குப் பிறகு காயம் என்று அவரிடம் வரிசை தலைகீழாக இருக்கிறது. 1973-ல் வந்த அவருடைய சுயசரிதையின் தலைப்பு, எவரெஸ்டைவிட உயரமான ஒன்றைப் பேசுகிறது. அந்த உருவகம் அவருக்கு உரியது, அவர் இரண்டையும் கண்டவர். மற்றவர்கள் அதை எடுத்துக் கையாளும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இவ்வளவு தூரம் வெளியே போய்த் தேடுவானேன் என்று கேட்கலாம். நான் உட்கார்ந்திருந்த படியிலேயே ஒரு கதை இருந்தது. சிவகாமி அம்மை என்றொரு பெண். பிள்ளை இல்லாத துக்கத்தில் திருமலை முருகனையே பிள்ளையாக வரித்துக்கொண்டாள். மண்டபம் கட்ட வேண்டிய கல்லை வாழை மட்டையில் ஏற்றி மலைமேல் இழுத்தாள், கல் நழுவி உருண்டால் தலையைக் கொடுத்து நிறுத்தினாள் என்று சொல்வார்கள். ஊர்ப்பேச்சில் அது எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது பற்றி எனக்குக் கவலையில்லை. துக்கத்துக்கு உடம்பால் பதில் சொல்வது என்பது இங்கே நேர்த்திக்கடனாகவும் காவடியாகவும் நெடுங்காலம் இருந்து வருகிறது என்பதை அது காட்டுகிறது. வெள்ளைக்காரன் மலையில் தன்னைத் தேடுகிறான் என்றால் நம் ஆள் மலையில் கடன் தீர்க்கிறான். கடன் என்று வந்துவிட்டால் கொடுத்தவன் ஒருவன் இருக்கிறான், தீர்ந்தது என்று சொல்ல ஒரு நாள் வருகிறது. என் தலைமுறைக்கு அந்தச் சௌகரியம் இல்லை. நம்பிக்கை இல்லாமல் நேர்த்திக்கடன் செலுத்துகிறவன் யாரிடம் ரசீது வாங்குவது?

மலைமேலிருந்து கிழக்கே பார்த்தால் வயல், குளம், தென்னை. அந்தப் பச்சைக்குள் எங்கோ ஆய்க்குடி. அந்த ஊர்க்காரர் எஸ். ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975 ஜனவரியில், கடற்படை அதிகாரிக்கான தேர்வுக்குப் பெங்களூர் போனார். உடல்திறன் சோதனையில் விழுந்தார். கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்தது. சோமர்வெல் இங்கிலாந்தில் இறந்த அதே மாதம் என்பது வெறும் தற்செயல். அதற்கு அர்த்தம் கற்பிக்க மாட்டேன். தமக்குச் சிகிச்சை தந்து தைரியமும் தந்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981-ல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். உலக ஊனமுற்றோர் ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த வருஷம் அது. ஓலைக் கொட்டகையில் சில பிள்ளைகளை வைத்துத் தொடங்கியது, பள்ளிக்கூடமும் பயிற்சி நிலையமும் சிகிச்சை விடுதியுமாக வளர்ந்தது. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இவரை யாரும் சாகசக்காரர் என்று சொல்வதில்லை. சாகசம்தான் அவரை வீழ்த்தியது. பிறகு அவர் எந்த மலைக்கும் போகவில்லை. தன் ஊரில் இருந்த இடத்திலேயே இருந்தார், மற்றவர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

அந்தப் பக்கத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் எப்படி அடிபட்டார்கள் என்று கேட்டால் நமது சாகச இலக்கியத்துக்குக் கொஞ்சம் தெளிவு வரும். லாரி. கிணறு. மரம். தென்னை ஏறி விழுந்த ஒருவரோடு ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தேன். நான் படியேறுவதைப் பற்றி, அதில் கிடைக்கும் ஒருவித விடுதலை பற்றி, கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பொறுமையாகக் கேட்டார்.

'அண்ணாச்சி, நீங்க ஏறணும்னு ஏறுதீக. நா ஏறுனது கூலிக்கு. மரத்துக்கு இவ்வளவுன்னு பேச்சு. மேல போயிப் பாத்தா காத்து நல்லாத்தான் இருக்கும், இல்லங்கல. ஆனா அத நெனச்சு ஒரு நாளும் ஏறல.'

நான் வீட்டுக்கு வந்து அந்த ஏழு பெயர்களையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவர்கள் ஏறியதும் கூலிக்குத்தான். அவர்களுக்கும் மேலே காற்று நன்றாக இருந்திருக்கும். மல்லொரிக்கு அது தேர்வு, பசாங்குக்கு அது வேலை. ஒரே கயிறு. காயத்திலிருந்து மீள மலைக்குப் போனவர்களின் சரித்திரம் எழுதப்பட்டிருக்கிறது. அந்த மலையால் காயம்பட்டவர்கள் எங்கே போய் மீண்டார்கள் என்பதற்கு எழுத்தில் சாட்சி சொற்பம். தென்னை ஏறியவர், தன் காயத்துக்குப் பிறகு, இன்னொரு மரத்தைத் தேர்ந்துகொள்ள முடியாது. அவருக்குத் தேர்ந்துகொள்ள இருந்தது ஆய்க்குடியில் இணைக்கம்பிகளுக்கு நடுவே நிற்பதா வேண்டாமா என்பது. அதை மலைக்கு ஒப்பிட எனக்கு நா எழவில்லை. அவரும் ஒப்பிடவில்லை.

நண்பரின் புத்தகத்தைப் பற்றி: மொழிபெயர்க்கட்டும். ஆனால் மூலத்தில் சுமைகாரர்கள் வரும் இடங்களையெல்லாம் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். எத்தனை பெயர் தேறுகிறது என்று பார்க்கட்டும்.

என்னைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. முதல் நாலு மாதம் நான் தனியாகத்தான் திருமலை ஏறினேன் என்று இதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். இதே பத்திரிகைக்குக் கொடுத்த சில கவிதைகளிலும் அந்தத் தனிமை வருகிறது. சென்ற ஆனியில் அக்கா மகன் கல்லூரிக்குக் கிளம்பினான். பெட்டி கட்டிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னான்.

'மாமா, ஒங்களுக்குத் தெரியாதுல்லா? நீங்க மலைக்குப் போறப்பல்லாம் நானும் பின்னாலயே வந்தேன். அம்மதான் போவச் சொன்னா. முப்பது படி தள்ளி வருவேன். தண்ணிப் பாட்டிலும் துண்டும் வச்சிருப்பேன்.'

'தெனமுமா?'

'தெனமும். நீங்க எறங்கி வீட்டுக்குள்ள போனப்பறம் பள்ளிக்கொடத்துக்கு ஓடுவேன். ஒரு நாள் நடுப்படியில ஒக்காந்து அழுதீங்க. கிட்ட வரலாமா வேண்டாமான்னு தெரியல. மண்டபத் தூணுக்குப் பின்னால நின்னுக்கிட்டேன்.'

அப்போது அவன் பத்தாம் வகுப்பு. மோவாயில் மூன்று தையல் போட்ட தழும்பு இருக்கிறது. அந்த வருஷம் மழைக்காலத்தில் சைக்கிளிலிருந்து விழுந்தான் என்று வீட்டில் சொன்னார்கள். நானும் ஒரு தடவை, ரோட்டைப் பார்த்து ஓட்டக்கூடாதாலே என்று கண்டித்திருக்கிறேன். சைக்கிளா என்று இப்போது கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, பெட்டியின் மூடியை அழுத்திப் பூட்டினான்.

'படி வழுக்கிருச்சு மாமா.'